இரண்டு மீட்டருக்குள்

வெட்டும் மேசையில் இரண்டு மீட்டர் லைனிங் துணியை விரித்து, தையற்காரி அதைச் சரிபாதியாக வெட்டினாள்.

ஒரு மீட்டர். இது இன்றைக்குப் போட்ட மாத்திரை.

மீதியில் பாதியை வெட்டி அதன் பக்கத்தில் வைத்தாள். இது நேற்றுப் போட்டதில் உடம்பில் தங்கியிருப்பது.

அதிலும் பாதி, முந்தாநாளுடையது.

பாவம், கணக்கு என்றால் அவளுக்கு மார்பளவும் இடுப்பளவும்தான்.

கணவர் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். வலிப்புக்குத் தினமும் ஒரு மாத்திரை, பதினோரு வருடமாக. அதன் புண்ணியத்தில் ஆறு வருடமாக ஒருமுறைகூட விழவில்லை.

போன மாதப் பரிசோதனையில் டாக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார்: ஒரு வேளை தாமதமானால் பதற வேண்டாம், நேற்றுப் போட்டதில் பாதி உள்ளேயே இருக்கும் என்று.

அந்த ஆறுதல்தான் அவளைக் கணக்குப் போட வைத்தது. நாளுக்குப் பாதி மிஞ்சினால் பதினோரு வருடத்தில் இரண்டாயிரம் மாத்திரை. அந்த ஒல்லி உடம்பு எங்கே கொள்ளும்? கொஞ்ச நாளாக மனிதர் ஊசியைப் பிடித்தபடியே கண்ணயர்கிறாரே, அது இதனால்தானோ?

நேற்று மாலை மருந்துக்கடைப் பெண்ணிடம் கேட்டேவிட்டாள்.

"அந்தப் பாதியும் அப்படியே இருக்காதுக்கா, மறுநாள் அதுல பாதி ஆயிடும். முடிவில்லாம கூட்டிக்கிட்டே போனாலும் ரெண்டு மாத்திரையைத் தாண்டாது. நான் என்ன உங்களை மாதிரி துணியா அளக்கிறேன், கூடக் குறையச் சொல்ல?"

முடிவே இல்லாமல் கூட்டுவதாம், இரண்டைத் தாண்டாதாம். கூட்டினால் கூடத்தானே வேண்டும்? வீடு வந்து சேரும்வரை அவளுக்குத் தலை கிறுகிறுத்தது.

அதனால்தான் இந்தத் துணி.

வெட்ட வெட்ட, வெட்டிவைத்த அளவுக்கே ஒரு துண்டு கையில் மிஞ்சியது. அதில் பாதியைத்தானே அடுத்து வைக்க முடியும்? வரிசை நீண்டுகொண்டே போனது. மேசையில் போட்டிருந்த இரண்டு மீட்டர் கோட்டை அது எட்டவும் இல்லை, தாண்டவும் இல்லை. முடியாத ஒன்று எப்படி ஒரு மேசைக்குள் அடங்கும் என்று அவளுக்கு இப்போதும் விளங்கவில்லை. ஆனால் கண்ணெதிரே அடங்கித்தான் கிடந்தது.

இரண்டாயிரம் இல்லை. வெறும் இரண்டு.

மூச்சு சீராக வந்தது. கத்தரியில் ஒட்டியிருந்த ஒன்பதாவது துண்டை விரலால் எடுத்தாள். நகத்தின் பாதி அகலம்கூட இல்லை.

அதை விரல் நுனியில் வைத்து இன்னொரு முறை பார்த்தாள்.

புதிதாக எதுவும் சேராவிட்டால்? இரண்டு ஒன்றாகும், ஒன்று பாதியாகும், பாதி காலாகும். ஒன்பதாம் நாள் உள்ளே மிஞ்சுவது இந்தத் துணுக்குதான்.

ஒன்பது நாளாக அவள் அவருக்குக் கொடுத்துவந்தது சத்து மாத்திரை. அதே வெள்ளை, அதே வட்டம். சேர்ந்தது கொஞ்சம் குறையட்டும் என்று நினைத்துச் செய்த காரியம். மனிதர் முன்னைவிடத் தெளிவாக இருப்பதாகக்கூட அவளுக்குத் தோன்றியிருந்தது.

பதறிப்போய், நூல் சுற்றும் பாபின்களைப் போட்டுவைக்கும் டப்பாவை இழுத்தாள். மாத்திரை அட்டை குறையாவிட்டால் சந்தேகப்படுவாரே என்று, தினமும் காலையில் ஒன்றைப் பிரித்து அதற்குள்தான் ஒளித்துவைத்தாள். ஒன்பது இருக்க வேண்டும்.

ஒன்றுதான் இருந்தது.

டப்பாவைக் கவிழ்த்தாள். பாபின்கள் உருண்டன. ஒன்றுதான்.

அவர் ஊசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீ குடுக்கிறது இனிக்குதும்மா. இன்னைக்குள்ளதை இன்னும் எடுக்கல. நீ நூல் வாங்கக் கிளம்புவேன்னுதான் காத்துக்கிட்டிருக்கேன்."