வெள்ளிக்கிழமைச் சொதி

"வாயைத் திற தம்பி. ஒரேயொரு துண்டு."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை அக்கா. அதுவும் தபசு காலத்து வெள்ளி. மீன் மச்சத்தைக் கொண்டுவந்து முன்னால வைக்கிறியே!"

பிரான்சிஸ்கா எழுந்துபோய் யன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு வந்து, தம்பிக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோப்பையில் பாரை மீன் சொதி ஆவி பறக்க இருந்தது. பக்கத்தில் அவித்த முட்டை.

தம்பிக்குக் குடலில் புற்றுநோய். வெட்டி எடுத்தாயிற்று, இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். பெண்சாதி, பிள்ளை என்று யாருமில்லாதவன். அதனால்தான் அவள் மன்னாரில் தன் வீட்டை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, கற்பிட்டிப் பக்கத்து இந்தக் கடற்கரைக்கு வந்து அவனோடு நிற்கிறாள். பேரப்பிள்ளைகளுக்குச் சோறூட்ட வேண்டிய வயதில் தம்பிக்குச் சோறூட்டும் வேலை. பேரப்பிள்ளைகள் என்றால் இரண்டு அதட்டில் சாப்பிட்டிருப்பார்கள்.

"டொக்டர் என்ன சொன்னவர்? மறந்திட்டியோ?"

"நிறை குறையேல்ல எண்டவர்."

"அரைவாசிக் கதையை விழுங்காத! தராசைப் பாத்திட்டு நானும் சந்தோசப்பட்டனான்தான். பிறகு உன்ர காலை விரலால அமத்திக் காட்டினவரெல்லோ? குழி விழுந்து அப்பிடியே கிடந்தது. நிறை நிக்கிறது நீராலயாம். உள்ளுக்குத் தசை கரையுதாம். உன்ர கையைப் பார், சட்டைக்குள்ள தடி மாதிரி ஆடுது."

"அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கென்னவோ? இப்பிடியே கரைஞ்சா அடுத்த மருந்து ஏத்தேலாது, உடம்பு தாங்காது எண்டு சொன்னவர். மருந்து நிண்டா..."

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அம்மா அப்பா போன பிறகு கூடப் பிறந்தது என்று அவளுக்கு மிச்சமிருப்பது இவன் ஒருவன்தான்.

"கஞ்சி குடிக்கிறன்தானே அக்கா."

"கஞ்சியில என்ன கிடக்கு? மீனும் முட்டையும் பருப்பும் குடுங்கோ எண்டவர். பருப்புத் தந்தா சத்தி எடுக்கிறாய். மிச்சம் இதுதான்."

"ஊர்ச் சனம் முழுக்க மச்சம் தொடாம இருக்கேக்க, நான் மட்டும் கதவைச் சாத்திப்போட்டு மீன் தின்னுறதோ? பிறகு எந்த முகத்தோட வெளியில போறது?"

"பக்கத்து வளவு நுஸ்ராவைப் பார். அவைக்கு நோன்பு மாசம். சீனி வருத்தம் கூடினபடியா அவ இந்த முறை நோன்பு பிடிக்கேல்ல. அவவின்ர முகத்துக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

அவன் மசியவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஒன்றைப் பிடித்தால் குரங்குப் பிடி. சொதி ஆறிக்கொண்டிருந்தது. பிரான்சிஸ்கா கடைசி அஸ்திரத்தை எடுத்தாள்.

"சரி, அதை விடு. போன ஞாயிறு கோயில்ல சுவாமி என்ன பிரசங்கம் வச்சவர்?"

அவன் சுவரில் உரிந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினான்.

"பஸ்தியான்ர மனிசி அஜித்தா வருத்தத்தோட சாப்பிடாம ஒருசந்தி இருக்கிறா எண்டு கேள்விப்பட்டு, அழாத குறையாச் சொன்னவர். நோயாளிக்கு ஒறுத்தல் வேண்டாம், சாப்பிட்டு உடம்பைத் தேத்துறதுதான் அவையின்ர தபசு எண்டு. நான் முன்வாங்கில இருந்து கேட்டனான். நீயும் அங்கதானே நிண்டனி?"

"ஓம்."

"பிறகென்ன?"

"சுவாமிமார் ஆயிரம் சொல்லுவினம் அக்கா. சொல்றது லேசு."

"அப்ப அந்தாள் பொய் சொன்னதோ?"

நல்ல இடத்தில் பிடித்துவிட்டாள். சுவரைச் சுரண்டிய விரல் நின்றது.

"பொய்யில்லை," என்றான் பிறகு, மெதுவாக.

"அஜித்தாவுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமோ? அவ அண்டைக்கே முட்டை சாப்பிட்டவ, தெரியுமோ?"

"மெய்யாவோ?" சட்டென்று திரும்பினான். முகம் மலர்ந்திருந்தது.

"மெய்தான். இப்ப நீ."

வாயைத் திறந்தான். முதல் துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். சத்தி எடுத்துவிடுவானோ என்ற பயத்தில் பிரான்சிஸ்கா காலடியில் வைத்திருந்த வாளியைக் கிட்ட இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த துண்டும் இறங்கியது. அதற்கடுத்ததற்கு அவளை எதிர்பார்க்காமல் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"தேசிக்காய்ப் புளி கொஞ்சம் காணாது," என்றான் முட்டையைக் கடித்தபடி.

"குறை சொல்ல நாக்கு வந்திட்டுதோ உனக்கு!" என்று அதட்டினாள். அதட்டும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கிப் போட்டது போலிருந்தது. ஆண்டவரே, இவன் பிழைத்துக்கொள்வான் என்று முதல்முறையாக நம்பினாள்.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

தம்பி பதறிப்போனான். "அக்கா, எடு எடு! கோப்பையை மூடு!" என்று கிசுகிசுத்துக்கொண்டே வாயை அவசரமாகத் துடைத்தான். அவள் மூடுவதற்குள் கதவு திறந்துகொண்டது. கோயில் மணி அடிக்கிற அன்ரனிப்பிள்ளை தலையை நீட்டினார். முதலில் கோப்பையைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"சிலுவைப்பாதைக்கு நேரம் போட்டுது, சுவாமி," என்றார். "சனமெல்லாம் கோயிலுக்குள்ள போகாம வெளியில முத்தத்திலயே நிக்குது. நாங்கள் குடுத்துவிட்ட பாரையை நீங்கள் சாப்பிட்டு முடிச்சிட்டீங்கள் எண்டு தெரிஞ்சாத்தான் உள்ள வருவினமாம்."