காலரில் ஒரு முடிச்சு

நேற்று ஏழு அடி இருந்தது. இன்று நாலு.

அவள் காலால் அளந்து பார்த்தாள். கல்லறைக்கும் மேட்டின் விளிம்புக்கும் நடுவே அவ்வளவுதான் மிச்சம்.

கீழே அலை செம்மண் மேட்டின் அடியைக் குடைந்துகொண்டிருந்தது. கடல் மேலே ஏறி வந்து எதையும் பறிப்பதில்லை. அடியில் தோண்டும். மேல்மண் அந்தரத்தில் நிற்கும். பிறகு ஒரு நாள், பொத்தென்று.

ஆனி மாதம் பிறந்ததிலிருந்து முன்னால் இருந்த மூன்று கல்லறைகள் அப்படித்தான் போயின. அதற்குள் அந்தந்த வீட்டுக்காரர்கள் எலும்புகளை எடுத்து ஊருக்குள் புதைத்துவிட்டார்கள்.

இந்தக் குழியில் எடுக்க எலும்பு இல்லை.

கடலுக்குப் போன அவள் புருஷன் தாசையன் திரும்பவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு அந்த ஊரில் சட்டையைப் புதைப்பார்கள். அவளும் கொடியில் கிடந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை உருவிச் சவப்பெட்டியில் வைத்தாள். அழுத அழுகையில் காலரைப் பார்க்கவில்லை. பாவி!

திருவிழாவுக்கு அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே துணியில் தைத்தது. அளவும் ஒன்று. மாறிப்போகக் கூடாதென்று அப்பன் காலருக்குள் அவள்தான் சிவப்பு நூலில் ஒரு முடிச்சு போட்டிருந்தாள்.

நாற்பதாம் நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் உள்ளே அந்த முடிச்சு.

அப்படியென்றால் குழிக்குள் கிடப்பது, உயிரோடிருக்கும் மகன் சஜினின் சட்டை.

மூன்று வருடம் போயிற்று. இடப்பக்கம் இருபது அடி நிலம் அப்படியே நிற்கிறது. வலப்பக்கமும் அப்படியே. இந்தக் குழிக்கு நேராக மட்டும் கடல் நாக்கை நீட்டி வருகிறது.

சட்டை மாறியதையும், கடல் அதைத் தேடித்தான் வருகிறதென்றும் நேற்றுத்தான் மகனிடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

"சட்டையப் பாத்தா கடலு ஆளப் புடிக்கும்? அது அடங்கட்டும்மா, நான் வள்ளத்த இறக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இடுப்பில் அப்பன் சட்டையைச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு வந்துவிட்டாள்.

பெட்டி சீக்கிரமே தட்டுப்பட்டது. மூடி உளுத்திருந்தது. உள்ளே இருந்த சட்டை மட்டும் நேற்றுத் தைத்ததுபோல் இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அதை எடுத்து, இரண்டு சட்டைகளையும் மடியில் போட்டுக்கொண்டு மூடியை முழுக்கப் பெயர்த்தாள். அலை அடித்த வேகத்தில் உப்புத்தண்ணீர் மேலே வந்து அவளைத் தலையோடு நனைத்தது.

முட்டிக்குப் பின்னால் மண்ணில் ஒரு கோடு ஓடியது.

"மாதாவே!"

அப்பன் சட்டை என்று கைக்கு வந்ததைப் பெட்டிக்குள் திணித்துவிட்டு, மற்றச் சட்டையோடு பின்னால் பாய்ந்தாள்.

பொத்.

குழி இல்லை. பெட்டி இல்லை. கீழே சிவப்பாகக் கொஞ்சம் தண்ணீர்.

அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. கையிலிருந்த ஈரச் சட்டையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். என் பிள்ளை தப்பித்தான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, சத்தமே இல்லை. பத்து நாளாக இரைந்த கடல் குளம்போல் கிடந்தது.

கீழே கரையில் விசில் அடித்தார்கள். வள்ளம் ஒன்று அதற்குள் தண்ணீரில் இறங்கியிருந்தது. அதில் நின்றுகொண்டு சஜின் கையை ஆட்டினான்.

"அம்மா! கடல் அடங்கிட்டு! போயிட்டு வாறேன்!"

அவளும் ஆட்டுவதற்காகச் சட்டையைக் காலரில் பிடித்துத் தூக்கினாள்.

கட்டைவிரலில் ஒரு முடிச்சு இடறியது.