லயனலின் விளக்கு

தன்பாலினத்தவர் சேர்ந்து தொடங்கிய எங்கள் யூத ஆலயத்தின் நினைவுப் பலகையில் லயனலின் பெயர்த் தகட்டைப் பதித்தாயிற்று; பக்கத்திலுள்ள சின்ன விளக்கை எந்த வாரம் ஏற்றுவது என்றுதான் பலகையைக் கவனித்துக்கொள்ளும் டோவாவுக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கு, இறந்த நாள் வரும் வாரத்தில் பல்பைக் கால் சுற்றுத் திருகுகிறாள், எரிகிறது. வாரம் முடிந்ததும் தளர்த்துகிறாள், அணைகிறது. "தேதி சொல்லுங்க ஹெர்ஷ்." லயனலோடு பதினோரு வருடம் குடித்தனம் நடத்திய ஹெர்ஷ், நாற்காலியில் சாய்ந்து கண்களைத் தேய்க்கிறார். "ஆஸ்பத்திரிலேர்ந்து அவன அப்பா அம்மா தூக்கிட்டுப் போயிட்டாங்க. என்னிக்குச் செத்தான்னு அந்தக் குடும்பத்துல யாரும் இன்னி வரைக்கும் சொல்லல. நாப்பது வருஷமா கேட்டுக் கேட்டு ஓஞ்சுட்டேன்மா." ஜன்னலில் வெள்ளிக்கிழமை வெயில் சரிகிறது. "தூங்கறப்பகூட வெளக்க அணைக்க விடமாட்டான், கிராதகன்." டோவா பல்பை இறுகத் திருகுகிறாள். லயனலின் விளக்கு ஆண்டு முழுவதும் எரியும். பியூஸ் போனால் புதிது மாட்டிக்கொள்ளலாம்.