பூனையின் ஆய்வேடு

எலியைத் தின்பது அறமா என்று ஒரு பூனை ஐந்து வருஷமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தது, அதுவும் உதவித்தொகை வாங்கிக்கொண்டு. கடைசி அத்தியாயம் எழுதும் சமயத்தில், ஓர் எலி அதன் முன்னங்காலுக்கு அடியில் வசமாக மாட்டிக்கொண்டது.

"அக்கா, உங்கள் ஆய்வு என்ன சொல்கிறது?" என்று எலி கேட்டது.

"தின்பது தவறுதான். முந்நூறு பக்கத்தில் நிரூபித்திருக்கிறேன். மறுத்துப் பேச இன்றுவரை ஆளில்லை."

"அப்பாடா! அப்படியென்றால் என்னை விடுங்கள். வீட்டில் குட்டிகள் காத்திருக்கும்."

"அவசரப்படாதே. தவறு என்று தெரிந்தபின் என்ன செய்வது என்பது நடைமுறை அறவியல். அது பக்கத்து அறை ஆந்தையின் தலைப்பு. அதில் நான் கை வைத்தால் என் நெறியாளர் கையெழுத்தே போட மாட்டார்."

"கை வைக்க வேண்டாம் அக்கா, காலை எடுத்தால் போதும்!"

"உனக்கு ஆராய்ச்சி ஒழுங்கே தெரியவில்லை" என்று பூனை வருத்தப்பட்டது. அப்போது சாப்பாட்டு வேளை.

பூனைக்குப் பட்டம் கிடைத்தது. தேர்வாளர்கள் நன்றியுரையைத் தனியாகப் பாராட்டினார்கள். பேராசிரியர்களுக்கெல்லாம் முன்னால், முதல் வரியிலேயே எலியின் பெயர் இருந்தது. அதற்கு முன்னால் 'அமரர்' என்றும் மறக்காமல் போட்டிருந்தது.