ஒரே பிள்ளை

"அண்ணா, அப்பா உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார். ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போயேன்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி கெஞ்சினான்.

"எதுக்கு? 'யாரையெல்லாம் உள்ளே விடலாம்'னு கம்ப்யூட்டர்ல அவர் நிரப்பின ஃபார்ம்ல என் பேரே இல்லைன்னு வாசல்லயே திருப்பி அனுப்பினாங்க. தங்கச்சி பேரும் இல்லை. கடைக்குட்டி, உன் பேரு மட்டும்தான் இருந்துச்சு."

"மூணு பேரையும்தான் டிக் பண்ணேன், பெரியவனைத்தான் முதல்ல பண்ணேன்னு சொல்றார்ணா."

"கம்ப்யூட்டர் ஓரவஞ்சனை பண்ணாதுடா. அவர்தான் பண்ணுவார்."

"அண்ணா, மெதுவாப் பேசு. ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு அவர் பக்கத்துலதான் வெச்சிருக்கேன்."

"நல்லதாப் போச்சு. அப்பா, கேட்குதா? உங்களுக்கு ஒரே பிள்ளை. எனக்கு அப்பாவே இல்லை."

ஃபோனில் இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்த மூச்சுச் சத்தம் நின்றது. பிறகு தம்பி பெருங்குரலெடுத்து அழுதான்.

பெரியவன் ஃபோனை வைத்துவிட்டு ஆபீஸில் தன் இருக்கைக்குத் திரும்பினான். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பெண் அங்கே காத்திருந்தாள்.

"சார், நீங்க எழுதின ஆஸ்பத்திரி விசிட்டர் ஃபார்ம்ல மறுபடியும் புகார். புரோகிராம்ல அந்த ஸ்கொயர் பிராக்கெட்டைப் போடாம விட்டிருக்கீங்க. எத்தனை பேரை டிக் பண்ணாலும் கடைசிப் பேரு மட்டும்தான் பதிவாகுது."

அவன் திரையில் அந்த வரியைத் தேடினான்.

"போன மாசமே சொன்னேனே சார். 'கிழங்களுக்கு டிக் பண்ணத் தெரியலை'ன்னு எழுதி நீங்கதான் புகாரை மூடிட்டீங்க."