பாஸ்வேர்ட் மாத்தியாச்சு

"ப்ரியா, நம்ம நெட்டை யாரோ திருடறாங்க. சத்தியமா சொல்றேன்!"

மாடி ஆபீஸ் ரூமிலிருந்து என் புருஷன் முகுந்த் கத்தினான். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பெரிய க்ளையன்ட் ஒருத்தருக்கு டெமோ. பிடித்துவிட்டால் கான்ட்ராக்ட் தொடரும். பிடிக்காவிட்டால் டீமையே கலைத்துவிடுவார்கள். வேலை போனால் எங்கள் விசாவும் போச்சு, வீடும் போச்சு. அப்படிப்பட்ட டெமோவுக்கு ஒத்திகை பார்க்கும்போது ஸ்க்ரீன் பாதியில் உறைந்து நின்றால் யாருக்குத்தான் பகீர் என்றிருக்காது?

அதுவரை பறந்துகொண்டிருந்த நெட், திங்கட்கிழமையிலிருந்து நொண்ட ஆரம்பித்திருந்தது.

முகுந்த் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டான். கிச்சனிலிருந்து ஹாலுக்கு, ஹாலிலிருந்து மாடிப்படிக்கு என்று அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். புதுக் கேபிள் வாங்கி மாட்டினான். இன்டர்நெட் கம்பெனிக்கு போன் போட்டால், "உங்க வீட்டுக்கு ஸ்பீட் கரெக்டா வருதே" என்று கையை விரித்துவிட்டார்கள்.

"விஷாகா! முதல்ல நீ படம் பாக்கறதை நிறுத்து!"

"இட்ஸ் நாட் மீ, அப்பா! மை வீடியோ இஸ் பர்ஃபெக்ட்லி ஃபைன்," என்றாள் எங்கள் பெண்.

"உனக்கு மட்டும் எப்படிடி நல்லா வருது?" அதற்கும் சேர்த்து ஒரு திட்டு.

வியாழக்கிழமை சாப்பிடும்போது திடீரென்று அவன் முகம் பிரகாசமானது.

"பக்கத்து வீட்டு ரூஃபஸோட அக்கா குடும்பம் எப்ப வந்தாங்க?"

"திங்கட்கிழமை. ஏன்?"

"நம்ம நெட் எப்பலேருந்து படுத்துது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் டவுன்ஹவுஸும் ரூஃபஸ் வீடும் ஒட்டினாற்போல் இருக்கும். நடுவில் ஒரே ஒரு சுவர்தான். வந்திறங்கிய பசங்களோ ஒரு பட்டாளம், ஆளுக்கொரு டேப்லெட்.

"சும்மா இரு முகுந்த். நம்ம செடியில ஒரு கொத்து கறிவேப்பிலை வேணும்னாக்கூட ஜூடித் கேட்டுட்டுத்தான் பறிப்பா."

"கேட்டா நெட்டும் கொடுத்திருப்பேனே! அடுத்தவன் வைஃபைல ஓசியா உக்காந்துக்கிட்டு, அவனைப் பாத்தே குட் மார்னிங் சொல்ல எப்படித்தான் மனசு வருதோ! ச்சே, என்ன ஜென்மங்களோ!"

மறுநாள் டெமோவுக்குச் சற்று முன்னால் தன் போனிலிருந்தே வைஃபை பாஸ்வேர்டையே மாற்றிவிட்டான்.

அவ்வளவுதான். என் போன், விஷாகாவின் டேப்லெட், டிவி, வாசல் காமிரா எல்லாம் ஒரேயடியாகப் படுத்துவிட்டன.

"பொறுங்க, அப்புறமா எல்லாருக்கும் புதுசு போட்டுத் தர்றேன். இங்க பாரு ப்ரியா, என் லேப்டாப் எப்படிப் பறக்குது! ஒழிஞ்சான் திருடன்!"

"ஹவ் கம் ஒன்லி யுவர்ஸ் இஸ் வொர்க்கிங்?" என்றாள் விஷாகா.

"ஆபீஸ் லேப்டாப்டி. அது வேற ரகம். கதவைச் சாத்திட்டுப் போ."

டெமோ வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. கான்ட்ராக்டைத் தொடரலாம் என்று க்ளையன்ட் அங்கேயே சொல்லிவிட்டார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கையில் கிடைத்த சர்க்கரையை அவன் வாயில் போட்டேன்.

சர்க்கரை கரைவதற்குள் ஜன்னல் வழியே பார்த்தவன், "வா வா, இங்க வந்து பாரு!" என்று கூப்பிட்டான்.

எதிர்ப்புறம் மரத்தடியில் பாய் விரித்து ரூஃபஸ் வீட்டுக் கூட்டம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. பசங்க சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஜூடித் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ரூஃபஸ் காருக்குள் லேப்டாப்பை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

"நான் பாஸ்வேர்ட் மாத்தினதும் குடும்பமே வெளிய வந்துடுச்சு பாத்தியா? இதைவிட ப்ரூஃப் வேணுமா?"

எனக்கும் சந்தேகம் தட்டிவிட்டது, பொய் சொல்வானேன். ஆனாலும், "போய்ச் சண்டை போடாதே" என்று கெஞ்சினேன். கேட்டால்தானே? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். மானம் போகப் போகிறதே என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"என்ன ரூஃபஸ், இந்த வெயில்ல எல்லாரும் வெளிய? வீட்டுல நெட் வரலையோ?" நக்கல் சொட்டச் சொட்டக் கேட்டான் முகுந்த்.

ரூஃபஸ் காரிலிருந்து இறங்கினான். "அதெல்லாம் நல்லா வருதுண்ணே. உள்ள இருந்தா பசங்க டேப்லெட்டைத் தொடாம இருக்குமா? அதான் எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்துட்டேன். இன்னிக்கு உங்களுக்குப் பெரிய மீட்டிங்னு அண்ணி ஜூடித்கிட்ட சொன்னாங்களாமே."

"என் மீட்டிங்குக்கும் உங்க வீட்டுப் பசங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

ரூஃபஸ் தலையைச் சொறிந்துகொண்டே ஜூடித்தைப் பார்த்தான். "சொல்லிடுங்க" என்றாள் அவள்.

"கிறிஸ்துமஸுக்குச் சாப்பிட வந்தப்ப, ஆபீஸ் அவசரம்னு லேப்டாப்பும் கையுமா வந்து எங்க வைஃபையைப் போட்டுக்கிட்டீங்கல்ல? அன்னிலேருந்து அது எங்க நெட்லதாண்ணே ஓடுது. எங்க ரவுட்டர் உங்க ஆபீஸ் ரூம் சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே இருக்கு. சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு ஜூடித் தடுத்துட்டா. இந்த வாரம் பசங்க எல்லாம் வந்து படம் படமா ஓட்டவும், பாவம், உங்களுக்குத்தான் ஸ்லோ ஆயிருக்கும்."

முகுந்துக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. நான் பாயைப் பார்த்தேன், மரத்தைப் பார்த்தேன், ஜூடித்தின் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை.

ரூஃபஸ்தான் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மீட்டிங் முடிஞ்சுதாண்ணே? நாங்க வீட்டுக்குள்ள போகலாமா?"