காலையில் ஒரு கப்

"காபி ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" என்று டாக்டர் கேட்டார். மகள் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டாள். காலையில் ஒரே ஒரு கப், அதிலும் பாதியைத் தொட்டியில் கொட்டிவிட்டுத்தான் ஓடுவாள் என்று.

டாக்டர் தன் தாளில் அந்த வரியையும் அடித்தார். சிகரெட் இல்லை, மாத்திரைப் பழக்கம் இல்லை. தைராய்டு சரி, ரத்தம் சரி, இசிஜியில் துடிப்பு வேகம் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. இனிமேல் உடம்பின் மேல் பழி போட முடியாது என்பது போல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. நடுங்கும் கைகளைத் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அப்படியும் நாற்காலி லேசாக ஆடியது.

மூன்று மாதமாகத் தூக்கமில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், யாரோ துரத்துகிற மாதிரி இருக்கும். தங்கை தட்டைக் கீழே போட்ட சத்தத்துக்கு ஒருநாள் தேம்பித் தேம்பி அழுதாள். முந்தாநாள் வேலை செய்யும் இடத்திலேயே மயங்கி விழுந்தாள். டாக்டர் கடிதத்தோடு வந்தால்தான் திங்கட்கிழமை வேலை நிரந்தரத்தைப் பற்றிப் பேச்சு என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

என்ன வேலை என்றார் டாக்டர். அதற்கும் அம்மாதான் பதில் சொன்னாள். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், இன்றைக்கு நாலு வீட்டிலும் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"தரம் பாக்குற வேலைங்க. வெள்ளைக் கோட்டு போட்டாதான் உள்ளயே விடுவாங்க. எங்க தெருவுலயே முதல் டிகிரி இவதான்."

மகள் சுவரைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கும்?" என்றார் டாக்டர்.

"படபடப்பு இருக்காது. தலைவலி மட்டும் மண்டையைப் பிளக்கும்" என்றாள் அவள்.

டாக்டரின் முகம் தெளிந்தது. இவரைப் போன்றவர்களிடம் இதற்கென்றே ஒரு பேச்சு தயாராக இருக்கும், அதை எடுத்துவிட்டார். படிப்பு வாசனை இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பாவம், மொத்தக் குடும்பத்தையும் தலையில் சுமக்கிறார்கள். லீவு நாளில் நெஞ்சு சும்மா இருக்கிறது, வேலை நாளில் அடித்துக்கொள்கிறது. அப்படியென்றால் மனசு வேலையைக் கண்டு பயப்படுகிறது. மூன்று மாதம் ஓய்வு, அப்புறம் பளுவில்லாத வேறு வேலை என்று எழுதித் தருவதாகச் சொன்னார்.

"இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லம்மா. உடம்புக்குக் காய்ச்சல் வர்ற மாதிரிதான் மனசுக்கும்."

பயமாம். இருநூறு பேர் எழுதிய பரீட்சையில் முதலாவதாக வந்து இந்த வேலையைப் பிடித்தவளுக்கு, வேலையைக் கண்டு பயமாம். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அம்மாவின் குரல் தரைக்கு இறங்கியிருந்தது. "மனசு கினசுன்னு எழுதாதீங்க டாக்டர். அப்படி எழுதுனா அவங்க எடுத்துக்க மாட்டாங்க. கைநாட்டு வைக்கிற வீடுங்க எங்களது. இவ ஒருத்திதான்..." முடிக்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் கடிதத் தாளை இழுத்தார். கம்பெனி பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டே, எதனுடைய தரம் என்று போகிற போக்கில் கேட்டார்.

"காபியோட" என்றாள் அவள்.

பேனா நின்றது. அவர் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றாகச் சொன்னாள். நீள மேசை, அதில் தினமும் அறுபது கிண்ணம் காபி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூட்டையிலிருந்து வந்தது. கரண்டியால் மொண்டு, சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, மார்க் போட வேண்டும். கிண்ணத்துக்கு மூன்று கரண்டி. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

டாக்டர் நிமிர்ந்தார். உடனே தானே தலையை ஆட்டிக்கொண்டார். "ருசி பாத்துட்டுத் துப்பிடுவாங்களே. அதுனால எல்லாம் இப்படி ஆகாது."

"ஆமாங்க, துப்பிடுவாங்களாம். இவளே சொல்லியிருக்கா" என்றாள் அம்மா.

பேனா மறுபடி ஓடத் தொடங்கியது.

முதல் நாள் அவளுக்கு நினைவு வந்தது. மேசைக்குப் பக்கத்தில் இடுப்புயரத்துக்கு எவர்சில்வர் பாத்திரம். மற்றவர்கள் ஒரு முழம் தள்ளி நின்று துப்பினார்கள், சொட்டு வெளியே போகவில்லை. அவளுடையது மோவாயில் வழிந்து, புதுக் கோட்டை நனைத்தது. மேசையின் ஒரு கோடியில் நின்ற சீனியர் தன் கைக்குட்டையை நீட்டிக்கொண்டே கேட்டார்: "என்னம்மா இது, உங்க தெருக்காரங்களுக்குத் துப்பவா சொல்லித் தரணும்?"

அறையே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அவர் கேட்டதைக்கூட மறந்துவிடலாம், தான் சிரித்ததை அவளால் மறக்க முடியவில்லை. இதை எப்படி அம்மாவை வைத்துக்கொண்டு சொல்வது?

டாக்டர் கையெழுத்துப் போடக் குனிந்தார். அவள் தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை உருவி, நடுங்க நடுங்கக் கடிதத்தின் மேல் வைத்தாள்.

"முதல் நாளுக்கப்புறம் நான் துப்புனதே இல்ல டாக்டர், முழுங்கிடுவேன்."